புதிய நிறுவனமும் பொதுநலமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரே ஓட்டல் இருந்த தெருவில் இரண்டாவது ஓட்டல் வந்தால் விலை இறங்கும். சாம்பாரில் பருப்பும் கூடும். போட்டியை நாம் போற்றுவது இவ்வனுபவத்தால்தான். ஆனால் தொலைபேசி ஓட்டலன்று. அயலார் எங்கு உண்டாலும் நம் இட்டிலியின் சுவை மாறாது. நம் உற்றார் எந்தத் தொலைபேசியில் இருக்கின்றனர் என்பதோ, நம் தொலைபேசியின் பயனையே நிர்ணயிக்கிறது.

அமெரிக்காவில் பெல் நிறுவனத்தின் மூலக் காப்புரிமைகள் 1893, 1894ஆம் ஆண்டுகளில் முடிவுற்றன. உடனே ஆயிரக்கணக்கான சுயேச்சை நிறுவனங்கள் தோன்றின. கட்டணம் இறங்கிற்று. பெல் எட்டியும் பாராத சிற்றூர்களுக்குக் கம்பி சென்றது. நன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் பெல் தன் கம்பியைப் போட்டியாளர் கம்பியோடு இணைக்க மறுத்தது. பல நகரங்களில் வணிகர் மேசையில் இரு கருவிகள் வீற்றிருந்தன, சந்தாவும் இரண்டு. இரண்டும் கட்ட இயலாதவர் பாதி ஊரோடு மட்டுமே பேசினார். (ஓர் ஊரில் இரு தமிழ்ச் சங்கங்கள் கண்டவர்களுக்கு இது புதிதன்று!) அரசாங்கத்தின் வழக்கை முன்னிட்டு 1913இல்தான் பெல்லின் தாய்நிறுவனம் சுயேச்சை நிறுவனங்களுக்குத் தன் தொலைதூரக் கம்பிகளைத் திறந்துவிட இசைந்தது.

ஆகவே, எத்தனை நிறுவனங்கள் நுழைந்தன என்று எண்ணுவதால் மட்டும் மக்கள் நலம் புலப்படாது. இணைப்பில்லாத புதியவர் ஊரைக் கூறுபோடுகிறார். இணைந்த புதியவரோ போட்டியாளரின் வாடிக்கையாளருக்கும் பயன் கூட்டுகிறார்.

நம் நாட்டிலும் கைபேசிப் பணப்பைகள் வந்த புதிதில், ஒன்றில் இட்ட பணம் மற்றொன்றுக்குப் போகாது. 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையோ எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் பாதை அமைத்தது. பெட்டிக்கடைக்காரருக்கு ஓர் அட்டை போதும். வாங்குவோர் எந்தச் செயலி வைத்திருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. நேற்று நுழைந்த சிறு நிறுவனமும் முதல் நாளே நாடு முழுவதையும் எட்டுகிறது.

இத்துணை திறந்த பாதையிலும் இரண்டே செயலிகள் பெரும்பங்கைக் கைக்கொண்டன. பழக்கமும் சலுகையும் செய்த வேலை அது. ஒரு செயலிக்கு 30 சதவீதமே உச்சவரம்பு என 2020இல் அறிவித்தார்கள். கெடுவை ஒருமுறைக்கு மேல் நீட்டித்தார்கள். வரம்பை மீறிய செயலி புதியவரைச் சேர்க்கலாகாது என்பதே அவ்விதியின் சாரம். அதனால் வருந்தப்போவது அந்நிறுவனமா, சேர வந்து வாசலில் நிற்பவரா என்பதில் எனக்கு இன்னும் ஐயமுண்டு.