மாலை வகுப்பும் இயற்பியல் பாடமும்
(கழகத்தின் வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் அளித்து வந்துள்ளது. அப்பணியைப் பலரும் பாராட்டிவிட்டனர். நாம் பேச விரும்புவது, பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளை மேனிலை வகுப்பில் சேரும் நாளைப் பற்றி. எந்தப் பிரிவு வேண்டும் எனக் கேட்டவுடன், இயற்பியல் இல்லாத பிரிவு எது என்றே நம் பிள்ளைகளில் பலர் தேடுகின்றனர். பொறியியல் தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் இயற்பியலுக்கு 50; நீட் தேர்வின் 720-இல் 180. இரண்டிலும் காற்பங்கு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியலில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்திருக்கிறது. அதை அடைய வேண்டிய பிள்ளையோ பதினைந்து வயதிலேயே அப்பாடத்திற்கு அஞ்சி விலகிவிடுகிறது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு. நம் பிள்ளைக்கு யார் உண்டு? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. நியாயமான தடைதான், வகுப்பில் பாதியை மறைத்து வீட்டில் விற்கும் வழக்கம் ஒழியவேண்டும். ஆயின் அதனால் எம் போன்றோர் கைகள் கட்டப்பட்டுள்ளன. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கே அமைந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பொறுப்பு யாருடையது? இயற்பியலில் பட்டம் பெற்று, தேர்வாணைய அறிவிப்புக்காகக் காத்திருக்கும் நம் இளைஞர்களுடையது என்போம்.

இளைஞர்களே, வினா வங்கியை ஒப்புவிக்கும் வேலை வேண்டா. அதைச் செய்ய ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். நம் கரையே ஓர் ஆய்வுக்கூடம். உப்பளத்தில் வேலை செய்யும் தாயிடம் கேளுங்கள். பாத்தியில் எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று சொல்வார். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி; 25-ஐ எட்டும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. அதை அளக்கும் நீர்மானி நன்னீரில் ஆழ அமிழும், முற்றிய உப்புநீரில் உயர்ந்து நிற்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவமும் மிதத்தல் விதியும் இவ்வளவுதான். தாய் தினமும் வெயிலில் நின்று பார்ப்பதைத்தான் நூல் சமன்பாடாக எழுதியிருக்கிறது என அறியும் பிள்ளைக்கு அச்சம் பாதி போய்விடும்.

இக்கடலில் முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. சங்கு குளிப்போர் இன்றும் இறங்குகின்றனர். பத்து மீட்டர் இறங்கினால் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கடலடியில் குழாய்வழிக் காற்றை மார்பு நிறைய இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி ஒருவன் விரைந்து மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். பத்தாம் வகுப்பில் உள்ள பாயில் விதியை இப்படிச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பிள்ளை மறக்கும்? துறைமுகத்துப் பாரந்தூக்கியில் கப்பி இருக்கிறது. கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு இருக்கிறது. எல்லாவற்றையும் நாமே சொல்லிவிட்டால் உங்களுக்கு வேலை ஏது!

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வீடு வீடாகச் சென்று கற்பிக்கப் போனால், சில வாசல்களில் பாடத்திற்கு முன் தெருப்பெயரைக் கேட்பார்கள். 1917-இல் அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பம்பாயில் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார். பங்கு முதலீடு பற்றி ஆலோசனை கூறும் தொழிலும் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டனர். அடுத்த ஆண்டே சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார் என்பது வேறு. ஆதலால் பிறர் வாசலில் நிற்காதீர்கள். நம் இடத்தில் பலகையை மாட்டுங்கள். எத்தெருப் பிள்ளை வந்தாலும் ஒரே பாயில் அமர்த்துங்கள். நன்றாகக் கற்பிப்பவரைத் தேடிப் பெற்றோர் வருவார்கள்.

கட்டணம் வாங்கலாமா எனச் சிலர் தயங்குகின்றனர். வாங்குங்கள். இலவச வகுப்பு பெரும்பாலும் தீபாவளியைத் தாண்டுவதில்லை, கற்பிப்பவனும் உண்ணவேண்டுமே. உப்பளக் கூலி நாட்கூலி. மழைமாதங்களில் அதுவும் இராது. அம்மாதங்களில் கேட்காமல் இருங்கள். அத்தொகையைக் கழகம் ஈடுசெய்யட்டும். விழா மலருக்கும் பந்தலுக்கும் திரட்டிய நிதியில் மிச்சமிருந்தால், முதலில் ஒரு கரும்பலகை, இரண்டு நீர்மானிகள், ஒரு சுருள்வில் தராசு வாங்கலாம்.

கழகக் கட்டடத்தின் பின்னறை மாலை ஆறு மணிக்குமேல் பூட்டியே கிடக்கிறது. சாவி செயலாளரிடம் உள்ளது. பள்ளிகள் ஜூனில் திறக்கும். பெயர் கொடுக்க விரும்பும் பட்டதாரிகள் இக்கூட்டம் கலையுமுன் மேடையருகே வாருங்கள்.