கண்டெடுத்தவர் உரிமையும் கற்பவர் உரிமையும்



பண்டைய உலகத்தைப் பற்றிய அறிவு எவருக்குச் சொந்தம் என்ற விஷயத்தைப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தத்துவ விசாரத்தில் இறங்காமல், மத்தியதரைக் கடலிலுள்ள கிரீட் தீவைச் சார்ந்த ஒரு சரித்திரத்தையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1900ஆம் ஆண்டில் அத்தீவின் நாசஸ் என்னும் இடத்தில், தம் சொந்தச் செலவிலேயே நிலத்தை வாங்கி அகழத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர், எந்தத் தீ அங்கிருந்த அரண்மனையை அழித்ததோ அதே தீயால் சுடப்பட்டு உறுதிபெற்ற களிமண் பலகைகளை, அதுவரை எவரும் அறியாத எழுத்துகள் கீறப்பெற்ற நிலையில், ஆயிரக்கணக்கில் கண்டெடுத்தார். அவ்வெழுத்துக்கு 'லீனியர் பி' என்று பெயரிட்டவரும் அவரே. அவருடைய உழைப்பையும் தியாகத்தையும் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆயினும், அப்பலகைகளின் வாசகத்தைத் தாமே கண்டு சொல்ல வேண்டும் என்ற ஆவலால், 1941இல் அவர் காலமாகும் வரையில், அவற்றில் ஒரு சிறு பகுதியை மட்டுமே பிரசுரித்துவிட்டு, ஏனையவற்றை உலகத்தின் கண்ணில் படாமல் வைத்திருந்தார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பின்லாந்து தேசத்து அறிஞரான சுண்ட்வால் என்பவர் மேலும் 38 பலகைகளை வெளியிட்டபோது எவன்ஸ் அடைந்த கோபம் சாமானியமானதன்று. அவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் கழித்து, 1952இல்தான், மையர்ஸ் என்னும் நண்பரின் பிரயாசையால் நாசஸ் பலகைகள் நூலாக வெளிவந்தன. அரை நூற்றாண்டு வீணாயிற்று!

அந்த அரை நூற்றாண்டின் நஷ்டத்தை ஒரு பெண்மணியின் வாழ்க்கையில் காணலாம். நியூயார்க் நகரின் புரூக்லின் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த ஆலிஸ் கோபர், கைக்கெட்டிய சொற்பமான சாசனங்களையே வைத்துக்கொண்டு, யுத்தகாலத்தில் தாள் கிடைக்காமையால் வாழ்த்து அட்டைகளையும் பரீட்சைத் தாள்களின் பின்புறத்தையும் கத்தரித்து, எந்த எழுத்தோடு எந்த எழுத்து வருகிறது என்று ஏறக்குறைய 1,80,000 சீட்டுகளில் குறித்து, அவற்றைச் சிகரெட் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். அம்மொழியில் சொற்கள் விகுதி மாறி வருகின்றன என்பதை நிறுவியவர் அவரே. மூலங்கள் அச்சில் இருந்திருந்தால், 1950இல் அவர் மறையுமுன் என்னென்ன கண்டிருப்பாரோ!

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். கிரேக்கத்தின் பைலோஸ் என்னுமிடத்தில் அகழ்வாராய்ச்சியாளர் பிளெகன் 1939இல் கண்டெடுத்த இதே எழுத்துப் பலகைகள், இடையில் யுத்தம் குறுக்கிட்டும், பென்னட் என்பவரால் 1951இல் பதிப்பிக்கப்பெற்றன. இவ்வெழுத்தைப் படிக்க முயன்ற மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளைஞர், தொழிலால் கட்டடக் கலைஞரே அன்றி எந்தச் சர்வகலாசாலையிலும் பதவி வகித்தவரல்லர். அவர் தம் ஆராய்ச்சிக் குறிப்புகளை, தவறான ஊகங்கள் உட்பட, தம் செலவிலேயே படியெடுத்து அறிஞர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அப்பலகைகளின் மொழி எட்ருஸ்கான் என்னும் பண்டைய மொழிக்கு உறவுடையது என்பது அவருடைய நெடுநாளைய அபிப்பிராயம், அது தவறு. அத்தவறு ஊரறிய உலவியதனால் எவருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்ததாக நான் அறியவில்லை. 1952 ஜூனில் அனுப்பிய இருபதாம் குறிப்பில்தான், இது கிரேக்க மொழியாக இருக்கலாமோ என்று, தாமே நம்பாதவர்போல் வினவினார். மறுமாதம் வானொலியில் அதனை உறுதிபடக் கூறினார்.

மறு ஆண்டில் பிளெகன், தாம் புதிதாக எடுத்த ஒரு பலகையை வென்ட்ரிஸின் முறைப்படி படித்துப் பார்த்தார். முக்காலிப் பாத்திரத்தின் சித்திரத்துக்கு அருகே 'திரிபோ' என்ற சொல். நான்கு பிடிகள் கொண்ட ஜாடிக்கு அருகே நான்கு என்ற சொல், மூன்று பிடிகளுக்கு மூன்று, பிடியே இல்லாததற்கு இல்லை என்ற சொல்! பிளெகன் அதனைப் பெட்டியில் பூட்டவில்லை. வென்ட்ரிஸுக்கு உடனே கடிதம் எழுதினார். அப்பலகைகளில் காவியம் ஒன்றும் இல்லை. ஆடும் கம்பளியும் எண்ணெயும் எழுதிய அரண்மனைக் கணக்கே இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு, கிரேக்க மொழியின் சரித்திரத்தை ஹோமருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னே கொண்டு சென்றது.

அரைகுறை அறிஞர்கள் கையில் மூலம் சிக்கினால் விபரீதமான சித்தாந்தங்கள் பிறக்குமே என்று அஞ்சுவோர் உண்டு. பிறக்கத்தான் செய்யும். மூலம் பொதுவில் இருந்தால் அவற்றை மறுப்பவரும் பிறப்பர். பூட்டி வைத்தால் மறுக்கவும் ஆதாரம் இராது.

நம்மவரிலும் இதற்கு ஓர் உத்தமமான முன்மாதிரி உண்டு. ஆட்சிப் பணியில் உத்தியோகம் பார்த்த ஐராவதம் மகாதேவன், சிந்து வெளி முத்திரைகளின் வாசகங்களைத் தொகுத்து 1977இல் தொல்லியல் துறையின் வாயிலாக வெளியிட்டார். அம்மொழி திராவிடம் என்ற அவர் கொள்கையை ஏற்காதவரும் அவருடைய தொகுப்பைக் கொண்டே வாதிடுகின்றனர். அத்தொகுப்பைச் சென்னை ரோஜா முத்தையா நூலகம் இணையத்தில் எவரும் காணத் தந்திருக்கிறது.

இம்முன்மாதிரி இருந்தும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் ஆலயச் சுவர்களிலிருந்து எடுத்த கல்வெட்டு மைப்படிகளில் பல ஆயிரம் இன்னும் அச்சேறவில்லை. தாளோ நாளுக்கு நாள் நொறுங்குகிறது. அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பிலுள்ள அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பாடம் தீர்மானமாகட்டும், உரை எழுதப்படட்டும் என்று காத்திராதீர்கள். மைப்படியின் நிழற்படத்தையும் ஊரின் பெயரையும் மட்டுமாவது, கட்டணமின்றி, இப்போதே வெளியிடுங்கள். படிக்கும் வேலையை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.