பெரட்டு: பட்டாளம் தந்த சொல்



மலையகத் தோட்டங்களில் வழங்கும் ஒரு சொல்லை இன்று எடுத்துக்கொள்கிறேன். பெரட்டு என்பது அச்சொல். விடிகாலையில் தொழிலாளர்கள் ஒன்றுகூடி, அன்று எந்த மலையில் என்ன வேலை என்று கேட்டறியும் இடம் பெரட்டுக்களம். ஹற்றன், நுவரெலியாப் பக்கங்களில் பிறந்த எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

காதுக்கு இது புரட்டு என்பதன் கொச்சை போலத் தோன்றும். ஆனால், பரேட் என்ற ஆங்கிலப் படைச்சொல்லே நம்மவர் நாவில் பெரட்டு ஆயிற்று. லத்தீனில் ஆயத்தம் செய்வதைக் குறித்த வேர், ஸ்பானிய மொழியில் நிறுத்துவதைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, மேலதிகாரி பார்வையிடச் சிப்பாய்கள் வரிசையில் நிற்பது என்று பொருள்பட்டது.

இச்சொல் மலையேறியதில் வியப்பில்லை. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பான்ஸ், வாட்டர்லூ போரில் காயம்பட்டவர். கன்னொறுவையில் தாமே கோப்பி பயிரிட்டவர். ஆரம்பகாலத் தோட்டத்துரைமாரில் படை அதிகாரிகள் பலர் இருந்தனர். லயம் என்பதும் லைன் என்ற ஆங்கிலச் சொல்லின் வழிவந்ததே. பாளையத்தில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைக்கும் அதே பெயர்தான்.

சிப்பாய் பரேட்டில் நிற்பது ஒழுங்குக்காக. தொழிலாளி பெரட்டில் நின்றது பேருக்காக. தோட்டத்து வழக்கில் பேர் என்றால் ஒருநாட் சம்பளம். அரைப்பேர் என்றால் அதில் பாதி. பிந்தி வந்ததால் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அன்று அவர்களுக்குப் பேர் இல்லை. வீட்டில் அடுப்பெரிவதும் ஐயமே.

இதைவிடப் பெரிய பேரிழப்பும் நேர்ந்தது. 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. காலைதோறும் செக்ரோலில் பதியப்பட்ட பேர், நாட்டின் பதிவேட்டில் இல்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

நேயர்களே, பரேட் என்றால் அணிவகுப்பு என்று அகராதி சொல்லும். பெரட்டு என்றால் என்னவென்று மலையகத்தாரைக் கேட்டால் வேலை, கூலி, பேர் என்று பதில் வரும். அந்தப் பொருளும் நமது அகராதிகளில் ஏற வேண்டும் என்பதே என் அவா.