திரையில் படம் நிற்பதேன்?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



புலவர் பெருமக்கள் பேசி அமர்ந்த இம்மேடையில், சரக்கு ஆபீஸ் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம் லேன் கேபிளைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். செயலாளர் இட்ட பணி, மறுக்க இயலவில்லை. கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பழைய நாடகங்களும் திருமணங்களும் சங்க விழாக்களும் வீடியோ காஸெட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றப்பட்டுவிட்டன. முன்னறையில் கம்ப்யூட்டர், உள்ளறையில் தொலைக்காட்சி, இடையே ஒரு கம்பி. படம் ஓடுகிறது, நடுவில் நிற்கிறது, திரையில் வட்டம் ஒன்று சுழல்கிறது. இக்குறை எங்கே பிறக்கிறது என்று கண்டறியும் வழியே இன்று நாம் சொல்ல வந்த பொருள்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள படம் வீட்டுத் தொலைக்காட்சிக்குச் செல்லும்போது வெளி இண்டர்நெட்டைத் தொடுவதே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டர், ரூட்டரிலிருந்து டிவி. அவ்வளவே அதன் பயணம். வெளி இணைப்பு அறுந்து கிடந்தாலும் அப்படம் ஓடவேண்டும். அது நின்றதற்காக மாதச் சந்தாவை உயர்த்துவது, யார்டுக்குள் வண்டி தடம் புரண்டதற்காகப் பயணிகளின் கட்டணத்தை ஏற்றுவது போன்றதாகும்.

இப்படியும் நடந்ததுண்டு. நம் அங்கத்தினரான முதிய அம்மையார் ஒருவர். கார்டாக இருந்து ஓய்வு பெற்ற கணவர் காலமாகிவிட்டார். அவர் முன்னாளில் சங்க மேடையில் நடித்த நாடகத்தின் பதிவு ஒன்றில்தான் அவர் குரல் இன்னும் எஞ்சியிருக்கிறது. மாலைதோறும் அதைச் சிறிது நேரம் பார்ப்பது அம்மையாரின் வழக்கம். படம் அடிக்கடி நின்றது. இணைப்புக் கடைக்காரர் பெரிய திட்டத்திற்கு மாறச் சொன்னார். குடும்பப் பென்ஷனிலிருந்து அதையும் கட்டினார் அம்மையார். படம் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

தந்திக் கம்பிகள் ஓடிய நாளில் பழுது நேர்ந்தால் பாதை முழுவதையும் புரட்டமாட்டார்கள். நிலையத்துக்கு நிலையம் சோதித்து, பழுது இப்பக்கமா அப்பக்கமா என்று பிரித்து, பகுதியைச் சுருக்கிக்கொண்டே போவார்கள். வீட்டிலும் அதுவே முறை. ஒரு வேளைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் ரூட்டரையும் ஒருங்கே மாற்றினால் குறை எதில் இருந்தது என்று என்றும் தெரியாது.

அம்மையார் இல்லத்தில் அந்நாடகத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி நேரே டிவியில் செருகினோம். தடையின்றி ஓடிற்று. ஆகவே படத்திலும் குற்றமில்லை, டிவியிலும் குற்றமில்லை. இவ்வாறு செருகியும் ஒரு படம் திக்கினாலோ, உருவம் தெரிந்து ஒலி கேளாவிட்டாலோ, அப்பதிவின் வடிவம் அந்த டிவிக்குப் புரியவில்லை என்று கொள்ளலாம். கம்பியைக் குறை கூறுவதில் பயனில்லை. கம்ப்யூட்டரில் வேறு வடிவத்திற்கு முன்கூட்டியே மாற்றி வைத்தால் போதும். அடுத்து, ரூட்டரில் கேபிள் செருகும் துளையருகே உள்ள சிறு விளக்கைக் கவனித்தோம். நன்றாகவே எரிந்தது. அப்போது அம்மையார், "கொசுவுக்காக அந்தியில் அறைக் கதவைச் சாத்துவேன், தம்பி, அதற்குப் பிறகுதான் நிற்கிறது" என்றார். கதவைச் சாத்தினோம், விளக்கு அணைந்தது. திறந்தோம், எரிந்தது. நிலைச்சட்டத்தின் இடுக்கில் கேபிள் நசுங்கிக் கிடந்தது. சில நூறு ரூபாயில் புதுக் கேபிள் வாங்கிச் சுவரோரமாக மேலே ஏற்றி ஓட்டியபின் நாடகம் முடிவுவரை ஓடிற்று. பெரிய திட்டம் அம்மாதமே பழையபடி குறைக்கப்பட்டது.

கேபிளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியதுண்டு. அதனுள் எட்டு இழைகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். நொடிக்கு 1000 மெகாபிட் செல்ல எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். ஆகையால் ஓர் இழை அறுந்தால் இணைப்பு முற்றும் போகாமல் 100க்கு இறங்கி நடப்பதுண்டு. பல டிவிகளின் கேபிள் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் ஏற்பதில்லை. இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு மணி நேரப் படம் 4 கிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட். கணக்கிட்டால் நொடிக்குச் சராசரி நாலரை மெகாபிட்டும் ஆகவில்லை. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் சில, அலுமினியத்தின்மேல் தாமிரம் பூசியவை. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரியும். அவை எளிதில் முறியும், வாங்காதிருப்பதே நலம்.

கம்பி நன்றாயிருந்தும் டிவியின் பட்டியலில் கம்ப்யூட்டரே தென்படவில்லை என்று சிலர் கூறுவர். டிவியின் அமைப்புப் பக்கத்தில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் டிவி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கம்ப்யூட்டருக்கு 192.168.0 என்றும் டிவிக்கு 192.168.1 என்றும் இருந்தால், பெரும்பாலும் வீட்டில் இரண்டு ரூட்டர்கள் தனித்தனி ஆட்சி செலுத்துகின்றன என்க. ஒன்று இணைப்புக்காரர் கொடுத்தது; மற்றது மகன் விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வைத்தது! டிவி கம்ப்யூட்டரைத் தேடும் அழைப்பு அந்த எல்லையைத் தாண்டாது. இரண்டாவதை 'ஆக்ஸஸ் பாயிண்ட்' என்னும் நிலைக்கு மாற்றிவிட்டால் வீடு ஒன்றாகிவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் வீட்டு இணைப்பு 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தாலும் அது தன்னை மறைத்துக்கொள்ளும், 'பிரைவேட்' ஆக்குக. அது உறங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்காளத்தில் வாழும் நமக்குச் சித்திரை வைகாசியில் கால்பைசாகி புயல் புதிதன்று. இடி முழங்கும்போது மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்குகிறோம். லேன் கேபிளை மறந்துவிடுகிறோம். தாமிரக் கம்பி வழியாகவும் அதிர்ச்சி பாய்ந்து துளையைக் கருக்கிவிடும். இரண்டையும் கழற்றுங்கள். நீளமான நல்ல கேபிள் ஒன்றைச் சோதனைக்கென்றே நூல்நிலைய அலமாரியில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் பெயரெழுதி எடுத்துச் சென்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தருக.