மாற்றுத்திறனாளிகளும் தொழில்நுட்பப் பணிகளும்: ஆசிரியர் கடமை



இந்த அவைக்கு வரும் வழியில் லெபோ பசார் தெருவின் அஞ்சடியில் நடந்து வந்தேன். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்பதற்கென்றே கடை முகப்புகளை ஒட்டி அமைந்த பாதை அது. ஆயினும் ஒரு கடையின் தளம் ஓர் உயரம். அடுத்த கடையின் தளம் வேறோர் உயரம். இடையிடையே படிகள். நடுவில் பூக்கூடைகள், துணி தொங்கும் சட்டங்கள், நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்கள். இத்தனை ஆண்டுகளாக அவற்றைத் தாண்டி நடந்த எனக்கு அவை தடையாகத் தோன்றியதே இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ முதற்படியிலேயே தெரு முடிந்துவிடுகிறது.

அவரை நடக்க இயலாதவர் என்கிறோம். அது உண்மைதான். ஆனால் தெருவைக் கடக்கவொட்டாமல் அவரைத் தடுப்பது அவருடைய கால்களா, அந்தப் படியா? இன்றைய பேச்சின் மையம் இந்த ஒரு கேள்வியே. தெருவில் உள்ள படி கண்ணுக்குத் தெரிகிறது. வகுப்பறையிலும் பாடநூலிலும் பணியிடத்திலும் உள்ள படிகள் எளிதில் தெரிவதில்லை.

தீவின் இரு முனைகள்

உடற்குறையுடையோர் கல்வியில் பினாங்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1926இல் மலாக்காவில் தொடங்கிய பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர் இங்கு இடம்பெயர்ந்து வேரூன்றியது. 1954இல் செவித்திறன் குறைந்தோருக்கான கூட்டரசுப் பள்ளி இங்குத் தொடங்கப்பெற்றது. தஞ்சோங் பூங்காவில் உள்ள அப்பள்ளி மாணவரிடையே வளர்ந்த சைகைமொழிக்குப் ‘பினாங்குச் சைகைமொழி’ என்றே பெயர்.

அதே தீவின் தென்கிழக்கில், 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் எழுந்தது. இண்டெல் நிறுவனம் அவ்வாண்டிலேயே இங்குத் தன் ஆலையைத் திறந்தது. உலகெங்கும் கணினிகளுக்குள் இருக்கும் சில்லுகள் இந்தத் தீவில் பொருத்தப்பட்டும் சோதிக்கப்பட்டும் செல்கின்றன. எங்கோ ஒரு பார்வையற்ற மாணவருக்குக் கணினி உரத்துப் படித்துக் காட்டும்போது, அந்தக் குரலுக்குப் பின்னால் பினாங்குத் தொழிலாளரின் கைவண்ணமும் இருக்கக்கூடும்.

சிறப்புப் பள்ளி ஒரு முனையில், தொழிற்பேட்டை மறுமுனையில். இடையிலுள்ள சாலையை ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடலாம். ஆனால் பள்ளியிலிருந்து பொறியாளர் இருக்கைக்குச் செல்லும் வழி அத்தனை குறுகியதன்று. பாய் முடைதல், கூடை பின்னுதல், தொலைபேசி இணைப்பகப் பணி என்று சில தொழில்களையே நெடுங்காலம் பார்வையற்றோருக்கு ஒதுக்கி வைத்திருந்தோம். அத்தொழில்களை நான் இழிவாகக் கருதவில்லை. பலருடைய குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. என் வருத்தம் வேறு. பிழைப்பிற்கு ஒரு வழி காட்டியதும், அவர்களுடைய அறிவுக்கு அதுவே எல்லை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். பிறகு இணைப்பகங்கள் தானியங்கியாயின. கற்ற தொழிலும் கைவிட்டுப் போயிற்று.

ஒரு கணக்கை எப்படிப் படிப்பது?

பார்வையின்றிக் கணினித்துறையில் உயர முடியுமா என்று கேட்போருக்கு டி. வி. இராமன் அவர்களின் வாழ்க்கை விடை தருகிறது. புனேயில் பிறந்த அவர் பதினான்காம் வயதில் கண்ணழுத்த நோயால் பார்வையை முற்றிலும் இழந்தார். புனே பல்கலைக்கழகத்தில் கணிதமும், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியலும் பயின்றார். 1994இல் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் கூகுள் நிறுவனத்தின் அறிவியலாளரானார்.

அவருடைய ஆய்வு எதைப் பற்றியது என்பதை ஆசிரியர்கள் கருதிப் பார்க்க வேண்டும். ‘அ கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு’ என்று நான் வாயால் சொல்கிறேன். அ என்பது 5 என்று கொள்க. கூட்டிய பின் வகுத்தால் விடை 3. ஒன்றை மட்டும் வகுத்துக் கூட்டினால் விடை ஐந்தரை. கரும்பலகையைப் பார்ப்பவருக்குப் பின்னக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியும். காதால் மட்டும் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே. இராமன் உருவாக்கிய மென்பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தால் இச்சிக்கலைத் தீர்த்தது. அடுக்கு எண் வந்தால் குரல் உயரும். கீழ்க்குறி வந்தால் தாழும். அம்மென்பொருளுக்கு ‘ஆஸ்டர்’ என்ற தம் வழிகாட்டி நாயின் பெயரையே இட்டார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. அம்மாணவருக்குக் கணிதம் கடினமாயிருந்ததற்குக் காரணம் கணிதமன்று. அது சொல்லப்பட்ட முறை. ‘அ கூட்டல் ஒன்று, இவ்விரண்டும் சேர்ந்து, வகுத்தல் இரண்டு’ என்று ஓர் ஆசிரியர் தெளிவாகச் சொல்லப் பழகினால் செலவு ஏதுமில்லை. பார்வையுள்ள மாணவருக்கும் அது நன்மையே.

தமிழில் உள்ள படி

மொழிக்காகக் கூடியிருக்கும் அவை இது. ஆகவே தமிழில் நாமே கட்டிவைத்த ஒரு படியைச் சுட்டிக்காட்டுவது என் கடமை.

தமிழ்ப் பிரெயிலில் ஆறு புள்ளிகளைக் கொண்டே நம் எழுத்துகள் அனைத்தும் அமைகின்றன. கணினித் திரையில் உள்ளதை உரத்துப் படிக்கும் மென்பொருள்களும் உள்ளன. ‘என்விடிஏ’ என்னும் திரைபடிப்பானை ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்னும் பார்வையற்ற இளைஞர் இருவர் உருவாக்கினர். 2006இல் தொடங்கிய அப்பணியின் பயனை இன்று எவரும் இலவசமாகப் பெறலாம். அது தமிழையும் படிக்கும்.

ஆனால் அது படிப்பதற்குத் தமிழ் எழுத்தாக இருக்க வேண்டும். நம் பயிற்சித் தாள்கள் பலவும் புத்தகப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பப்பட்டவை. நம் கண்ணுக்கு அது பாடம். திரைபடிப்பானுக்கு அது வெறும் படம். வேறு சில தாள்கள் பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருப்பதால், ‘அம்மா’ என்று நாம் காணும் இடத்தில் பொருளற்ற ஆங்கில ஒலிகளே அம்மாணவர் காதில் விழுகின்றன. ஒருங்குறியில் எழுதினால் இவ்விடர் இல்லை. கணினியில் தமிழை நிலைபெறச் செய்தோரில் நம் நாட்டு முத்து நெடுமாறன் முன்னவர். 1985 முதல் அவர் ‘முரசு’ மென்பொருளை வளர்த்துவந்தார். அத்தகைய நாட்டில் படமாகிப்போன தமிழை நாம் மாணவருக்குக் கொடுக்கலாமா?

சோதித்தறிய ஒரு வழி உண்டு. கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். கண்முன் இருக்கும் சொல்லையே கணினி இல்லை என்று சொன்னால், பார்வையற்ற மாணவருக்கும் அது இல்லை என்றே பொருள்.

செவித்திறன் குறைந்த மாணவரின் இடர் வேறு வகையானது. தொழில்நுட்பச் சொற்களுக்கு உரிய சைகைகள் அவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி ஆசிரியர் பேசினால் உதட்டசைவும் தெரியாது. ஆலையில் அபாயச் சங்கு மட்டும் போதாது. விளக்கும் மின்ன வேண்டும். விளக்கொன்றைப் பொருத்துவதற்கு ஆகும் செலவு, தகுதியுள்ள தொழில்நுட்பரை இழப்பதை விடப் பெரிதா?

ஆய்க்குடி தரும் பாடம்

1975இல் பொறியியல் பயின்றுகொண்டிருந்த தமிழக இளைஞர் ஒருவர் கடற்படை அதிகாரிகள் தேர்வில் கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவர்தாம் எஸ். இராமகிருஷ்ணன். 1981இல் தம் ஊரான ஆய்க்குடியில் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம், தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவரான அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் பெயரைத் தாங்கியது. சில குழந்தைகளோடு தொடங்கிய பணி கல்வி, மருத்துவம், தொழிற்பயிற்சி என விரிந்தது. 2020இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

இராமகிருஷ்ணனின் மனவுறுதி போற்றத்தக்கது. ஆயினும் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. மாற்றுத்திறனாளி ஒவ்வொருவரும் வீரராக இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்பது நீதியாகாது. மற்றவர்களைப் போலச் சராசரித் திறமையுடன், சராசரி உழைப்புடன் வேலை செய்யும் உரிமை அவர்களுக்கும் வேண்டும்.

சட்டமும் வகுப்பறையும்

மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் வேலைவாய்ப்பில் சமவாய்ப்பை உரிமையாக ஏற்கிறது. பொதுச்சேவையில் நூற்றுக்கு ஒரு பணியிடம் அவர்களுக்கென்பது அரசின் கொள்கை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் நூற்றுக்கு நான்கு இடங்களை ஒதுக்குகிறது. ஆனால் நம் சட்டத்தில் மீறுவோருக்குத் தண்டனை இல்லை. அதைத் திருத்த வேண்டும் என்று கேட்பது நியாயமே.

எனினும் பொறியாளர் போன்ற பணியிடத்திற்கு விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும். அப்பட்டத்திற்கு அறிவியல் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். அப்பாடங்களை எடுப்பதா வேண்டாமா என்பது பதினைந்து, பதினாறு வயதில் ஓர் ஆசிரியரின் ஒற்றைச் சொல்லால் முடிவாகிவிடுகிறது.

அச்சொல்லை நானே சொல்லியிருக்கிறேன். பல்லாண்டுகளுக்கு முன், பார்வை மங்கிய மாணவன் ஒருவன் அறிவியல் பிரிவில் சேர விரும்பினான். கணக்கில் வகுப்பின் முதல் மூவரில் ஒருவன். ஆய்வுக்கூடத்தில் அமிலமும் நெருப்பும் இருக்கின்றனவே என்று அஞ்சி, “உனக்கு அது வேண்டாம், தம்பி” என்றேன். அன்பினால்தான் சொன்னேன். அவன் மறுபேச்சின்றிக் கலைப்பிரிவிற்குப் போனான். சென்ற ஆண்டு, இதே லிட்டில் இந்தியாவின் அஞ்சடியில் என் குரலைக் கேட்டு அடையாளம் கண்டு நின்றான். நலம் விசாரித்தான். சிறு வணிகம் செய்வதாகச் சொன்னான். விடைபெறும்போது, “சார், ஆய்வுக்கூடத்தில் என்னால் என்ன முடியும் என்று அன்றைக்கு என்னையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றான். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

ஆசிரியப் பெருமக்களே, அத்தகைய மாணவர் உங்கள் முன் வந்து நின்றால் அவரிடமே கேளுங்கள். எதனால் தடைப்படுகிறாய், எது இருந்தால் முடியும் என்று கேளுங்கள். விடையைக் கேட்ட பின் உங்கள் அச்சத்தைச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளை பொறியாளர்களாகவும் மென்பொருள் ஆக்குநர்களாகவும் ஆகப்போகிறீர்கள். நீங்கள் உருவாக்கும் செயலியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். ஒலியை அடைத்துவிட்டு மறுமுறை பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே ஒரு படி இருக்கிறது. அதை நீக்குவது உங்கள் வேலை.

இவ்வுரை அச்சாகும்போது ஒருங்குறிக் கோப்பாகவும் கிடைக்குமாறு செய்யும்படி அவையோரை வேண்டுகிறேன்.