வீடு கட்டுவோருக்கு ஒரு விண்ணப்பம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஓர் அங்கத்தினர் செய்த பிரசங்கம்)

  

வீடு கட்டும் விஷயத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். யான் கட்டடக் கலை பயின்றவனல்லன். பிழை செய்து பாடம் கற்றவன். என் பாட்டனார் சுண்ணாம்பாற் கட்டிய வீட்டைப் பழமையென்று இடித்து, முழுவதும் கான்கிரீட்டாலாகிய மாடி வீடு எழுப்பினேன். பகலில் வெயிலைக் குடித்த தளம் இரவில் அதனை அறைக்குள் உமிழ்ந்தது. சித்திரை மாதத்து இரவுகளில் என் தாயார் உறங்க மாட்டாமல் திண்ணையைத் தேடினார்கள். அதனையும் யானே இடித்திருந்தேன்.

சிமெண்டும் இரும்பும் தீயவையென்று கூற வந்தேனல்லேன். மாடியைத் தாங்கும் உத்தரத்திற்கும், நிலநடுக்கத்திற் சுவர்கள் பிரியாமற் பிணைக்கும் பட்டைக்கும் அவை மிகவும் வேண்டியவையே. வேண்டாத இடத்திலும் அவற்றையே இடுவதுதான் நம் பிழை. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1450 டிகிரி வெப்பத்திற் சுடுகிறார்கள். எரிபொருளினின்றும், அக்கல்லினின்றுமே கரியமில வாயு எழுகிறது. மனிதரால் உலகில் வெளியாகும் அவ்வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு இத்தொழிலால் வருவது. செங்கற்சூளையோ விளைநிலத்தின் மேல்மண்ணை உண்கிறது.

நிற்க. வேறு வழியுமுண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் காலஞ்சென்ற லாரி பேக்கர் அவர்கள், செங்கல்லை விளிம்பில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைக் கேரளத்திற் பரப்பினார். அதனால் ஏறத்தாழ நாலிலொரு பங்கு செங்கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். தளத்தின் கீழ்ப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது இரும்பேயாதலால், கம்பிகளுக்கிடையே ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். புதுவைக்கருகே ஆரோவில்லில், தக்க மண்ணுடன் நூற்றுக்கு 5 பங்களவு சிமெண்டு கலந்து, யந்திரத்தில் அழுத்தி, சூளையிலிடாமல் ஈரத்திற் பதப்படுத்திய கற்களால் மாடிக் கட்டடங்களும் எழுந்துள்ளன.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். கரிசல் மண் நனைந்தால் வீங்கும், உலர்ந்தால் வெடிக்கும். அதனை அப்படியே கொண்டு கல் அறுத்தலாகாது. மண்கற் சுவருக்கு உறுதியான அஸ்திவாரமும், மழைச்சாரல் படாதபடி அகன்ற இறவாரமும் வேண்டும். மண்ணைச் சோதியாமலும், பழகிய கொத்தனாரின்றியும் தொடங்கினாற் சிக்கனமே நஷ்டமாய் முடியும்.

“மண்ணாற் கட்டினால் சம்பந்தி வீட்டார் இகழார்களோ?” என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். அன்பர்களே! சம்பந்திகள் ஒருநாள் வந்து பார்த்துப் போவார்கள். கடனைத் தீர்ப்பவர் நாம். அறையின் வெப்பத்தை அனுபவிப்பவர் நம் முதியோரும் குழந்தைகளும். மணமக்களின் வீட்டை இனி அதன் பளபளப்பால் மதிப்பதில்லையென்று நாம் இச்சபையிலேயே உறுதிகொள்ளலாகாதா?

ஆகையால் என் விண்ணப்பம் இதுவே: பழைய வீட்டை இடிக்குமுன், பழுது பார்த்தாற் போதுமோவென்று விசாரியுங்கள். இடிக்கவே நேரின், மரத்தையும் ஓட்டையும் கல்லையும் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் எது வேண்டுமோ அதனையே இடுங்கள். என் தாயாருக்கு நேர்ந்த வருத்தம் உங்கள் இல்லத்தில் ஒருவருக்கும் நேராதிருக்கட்டும்.