ஒரு மிஸ்டு கால் போதும்

முன்பெல்லாம் போனை எடுத்துப் பேசினால்தான் காசு. மணி மட்டும் அடித்தால் காசில்லை. இதை வைத்து ஒரு பாஷையே உண்டாக்கினார்கள் நம் ஜனங்கள். ஒரு ரிங் அடித்து நின்றால், 'பத்திரமா வந்து சேர்ந்துட்டேன்.' இரண்டு தடவை அடித்தால், 'பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வா.' யாரும் சொல்லித் தரவில்லை. ஏழையின் தந்தி என்றே இதைச் சொல்வேன்.

பிறகு வங்கிகளே இந்த வழிக்கு வந்தன. கணக்கில் பதிவான போனிலிருந்து வங்கி தந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால். தானாகவே கட் ஆகும். கொஞ்ச நேரத்தில் இருப்புத் தொகை மெசேஜாக வரும். இன்டர்நெட் வேண்டாம். பட்டன் போன் போதும். பல வங்கிகளில் இந்த வசதி உண்டு. சிலவற்றில் முதலில் பதிவு செய்யவேண்டும். எண்ணைக் கிளையில் கேட்டே வாங்குங்கள். யாரோ அனுப்பும் எண்ணை நம்பாதீர்கள்.